காதுக்கு எட்டாத குருவி

காவலாளி பூங்காவின் இரும்புக் கதவைத் தள்ளியபோது அது கிறீச்சிட்டது எனக்குக் கேட்டது. நல்லது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளாக இப்படித்தான். எழுந்ததும் காதோரம் விரல்களை உரசிப் பார்க்கிறேன். தேநீர்க் கோப்பையில் கரண்டி படும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறேன். கேட்டால் நிம்மதி. அந்த நிம்மதி அடுத்த ஓசை வரைக்கும்தான்.

வேண்டுமென்றே எல்லோருக்கும் முன்னால் வந்திருந்தேன். பாதையின் முதல் திருப்பத்தில் ஒழுகும் குழாய் ஒன்று உண்டு. அதன் மேலிருக்கும் பைன் மரத்தின் காய்ந்த கிளையில், செப்டம்பர் கடைசி வந்தால், சாம்பல் நிற ஈப்பிடிப்பான் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா போகிற வழியில் பெய்ரூத்தில் ஓரிரு நாள் தங்கிப் போகும் பறவை. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. அதன் குரலை, தையல் ஊசி துணிக்குள் இறங்குவது போல இருக்கும் என்று புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது வழக்கம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், ஊசி இறங்கும்போது ஓசை வருமா என்று. ஒருமுறை கேட்டபிறகு சிரிக்கமாட்டார்கள்.

அன்றும் இருந்தது. தொலைநோக்கியில் அதன் தொண்டை தெளிவாகத் தெரிந்தது. அலகு திறந்தது, மூடியது. மறுபடி திறந்தது. குழாயில் சொட்டும் தண்ணீர் கேட்டது. தூரத்துச் சாலையில் ஒரு லாரி கியர் மாற்றுவது கேட்டது. குருவி மட்டும் கண்ணாடிக்கு அப்பால் நின்று பேசுகிறவரைப் போல வாயசைத்துக்கொண்டிருந்தது.

காது மருத்துவரின் அறையிலும் இப்படித்தான் இருந்தது. ஓசை கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடிக்கு மறுபுறம் போய் உட்கார்ந்தார். நான் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் எதையோ திருகிக்கொண்டே இருந்தார். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். வெளியே வந்து, துறைமுகம் வெடித்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். இந்த ஊரில் எல்லா மருத்துவர்களும் கேட்கும் கேள்வி. சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் என்றேன். என்ன வேலை என்றார். செயற்கைப் பல் செய்யும் பட்டறை, முப்பது வருடமாகக் கையில் ராவும் எந்திரம் என்றேன். வயதைக் கேட்டார். பிறகு, இந்த மூன்றில் எது காரணம் என்று சொல்லமுடியாது, உச்ச ஓசைகள் போய்விட்டன, பேச்சு கேட்கும், கருவி வைத்துக்கொள்ளலாம், என்றார். பேச்சு கேட்கும் என்பதை ஒரு பரிசைப் போலச் சொன்னார்.

எனக்குப் பட்டம் கிடையாது. நல்ல கேமரா கிடையாது. பறவை பார்க்கும் இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எனக்கிருந்தது காது மட்டும். கூட்டத்தின் வழக்கம் அப்படி: கண்ணால் பார்த்த பறவையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், கணக்கில் சேரும். காதால் மட்டும் கேட்டதென்றால் நுஹாத் சொல்லவேண்டும். நான் சொன்னால்தான் கணக்கு வைத்திருக்கும் ஜுமானா தன் கைப்பேசியில் ஏற்றுவாள். அன்றைக்கோ நாடு முழுக்க ஒரே காலையில் எண்ணும் ஞாயிறு. பைன் மரங்களின் அடர்த்தியில் பாதிக்கு மேல் காதால் எண்ணுவதுதான்.

மூன்று வாரமாக ஒரு தந்திரம் செய்துவருகிறேன். ஜுமானாவை என் இடப்பக்கம் நடக்கவிடுவேன். எதையாவது கேட்டால் அவளுக்கே தெரியாமல் அவள் முகவாய் மேலே எழும். அது எழும் திசையைப் பார்ப்பேன். அந்த மரத்தில், அந்த உயரத்தில், இந்தப் பருவத்தில் என்ன இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். சொல்லிவிடுவேன். அவள் தலையாட்டுவாள். ஒவ்வொரு முறையும் என் முதுகில் வியர்க்கும்.

"ராடார் வந்தாச்சா? அப்போ குருவிங்க எல்லாம் கையைத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்க வேண்டியதுதான்!"

உஸ்தாஸ் ராமிஸ். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், மரியாதைக்கு உஸ்தாஸ் என்போம். காகிதத்தில் சுற்றிய, எள்ளும் ஸஃதர் இலைத் தூளும் தடவிய ரொட்டி இல்லாமல் அவரைப் பார்க்கமுடியாது. காகிதத்தின் அடியில் எப்போதும் எண்ணெய் ஊறியிருக்கும். எனக்கு ராடார் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"காலங்காத்தால சாப்பாட்டோடவா, உஸ்தாஸ்? பறவைக்கு முன்னாடி உங்க வாசனைதான் வருது," என்றேன்.

"யா ஸித் நுஹாத், பசியோட குருவியைப் பார்த்தா எனக்குத் தப்பான எண்ணமெல்லாம் வரும். மாதுளைச் சாறு ஊத்தி வறுத்த குருவி ஞாபகம் வந்துடும். சாப்பிட்டுட்டு வந்தாத்தான் நான் நல்லவன்."

"ச்சீ!" என்றாள் அவர் பின்னால் வந்த ஜுமானா. உடன் புதிதாக ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தாள். "இது தாலின். புர்ஜ் ஹம்மூத்துலேர்ந்து வரா. கல்லூரியில படிக்கிறா. ஸித் நுஹாத் காதைப் பத்திச் சொல்லிச் சொல்லியே கூட்டிட்டு வந்தேன்."

தாலின் வெட்கத்தோடு சிரித்தாள். "மரத்துல இலை அசையுறதுக்கும் குருவி அசையுறதுக்கும் உங்களுக்கு வித்தியாசம் கேக்கும்னு அக்கா சொன்னாங்க."

"அக்கா கொஞ்சம் ஜாஸ்தியாச் சொல்லுவா," என்றேன்.

தலைக்கு மேல் அது வந்துவிட்டிருந்தது. எங்கள் வானத்தில் நாள் கணக்காகச் சுற்றும் உளவு விமானம். உம்மு காமில் என்று ஊரே அதற்கு ஒரு பெண் பெயர் வைத்திருக்கிறது, அடுத்த வீட்டு அம்மாளைப் போல. ராவும் எந்திரத்தின் இரைச்சல் மாதிரி அடங்காத ஒரே சுருதி.

"வந்துட்டா பாருங்க உம்மு காமில். அவளும் எண்ண வந்திருக்கா," என்றார் ராமிஸ். "அவகிட்டயே கேட்டுக்கலாமே, மொத்தம் எத்தனைன்னு."

மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த விமானம் எனக்கு ஒரு நூலிழைகூட விடாமல் கேட்டது. இருக்கிற ஓசைகளில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், அதைச் சொல்லியிருக்கமாட்டேன்.

நடந்தோம். கொண்டைக்குருவிகள், தவிட்டுப் புறாக்கள் எல்லாம் கண்ணுக்கே தெரிந்தன. பஞ்சுருட்டான் கூட்டமொன்று உயரத்தில் தெற்கே போனது. அதன் உருட்டுக் குரல் எனக்கு இன்னும் எட்டுகிறது, அதைச் சொல்லும்போது என் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. பிறகு ஜுமானாவின் முகவாய் எழுந்தது. இடப்பக்கம், நடுக்கிளை.

"ஈப்பிடிப்பான்," என்றேன்.

ஜுமானா கைப்பேசியில் தட்டினாள்.

"ஒண்ணா, ரெண்டா?" என்றாள் தாலின்.

நான் நின்றேன். தாலின் தப்பாக எதுவும் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "எனக்கு என்னமோ அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிக் கேட்ட மாதிரி இருந்துச்சு. ஊசி மாதிரி."

மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கண்களை மூடிக்கொண்டேன். முன்பெல்லாம் கேட்பதற்காக மூடுவேன். இப்போது அவர்களின் முகங்களைப் பார்க்காமல் இருப்பதற்காக மூடினேன். உள்ளே உம்மு காமில் இரைந்தாள், வேறொன்றும் இல்லை.

"ரெண்டு," என்றேன்.

"பார்த்தியா!" என்றாள் ஜுமானா, தாலினின் தோளில் தட்டி. "உனக்கும் நல்ல காது."

பொய் சொன்னதைவிட அந்த வார்த்தைதான் என்னைக் குத்தியது. நல்ல காதை நான் பாராட்டவில்லை, அதன் மேல் ஏறி நின்றிருந்தேன். இரண்டு என்று சொன்னது ஒருவேளை சரியாகவே இருக்கலாம். எனக்கு அது ஒருபோதும் தெரியப்போவதில்லை. என்னோடு நடந்துவந்த பயம் முழுக்க அதுதான்: பிடிபடுவேன் என்பது பாதி, பிடிபடாமலே இப்படியே வருடக்கணக்காகப் போய்விடுவேனோ என்பது மீதி.

அப்போதுதான் பாட்டு கேட்டது.

பூங்காவின் கோடியில், மதிலோரமாக. முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு புல்லாங்குழல் போல விரிந்து மேலேறும் இனிய குரல். கருந்தலைக் குருவி. அத்திப்பழக் குருவி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கேட்டது! ஒவ்வொரு சுருதியும் முழுதாக, பழைய நாட்களில் கேட்டது போலவே. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. மருத்துவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று ஒரு நொடி நம்பினேன்.

"கருந்தலை! ஆண். மதிலோரம்," என்றேன். "வாங்க, வாங்க."

ஜுமானா கைப்பேசியைத் தொடவில்லை. "ஸித் நுஹாத்... பாடுதே?"

"ஆமா, பாடுது. உனக்குக் கேக்கலையா?"

"கேக்குது. அதான்..." என்று இழுத்தாள். ராமிஸ் ரொட்டி மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

"என்ன, ராடார், எங்களுக்குப் பரீட்சை வைக்கிறீங்களா?" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று யோசிக்க நான் நிற்கவில்லை. என் காலில் பதினாறு வயது வந்திருந்தது. பைன் ஊசிகள் மேல் வழுக்கிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனேன். மதிலோரம் தானாக முளைத்த அத்திமரம் ஒன்று, அதைச் சுற்றிப் புதர். பாட்டு அதற்குள்ளிருந்து வந்தது. விரிந்து மேலேறி, ஒரு சிறு வளைவோடு முடிந்தது. மறுபடி முணுமுணுப்பு, விரிவு, அதே சிறு வளைவு. மூன்றாம் முறை, அந்த வளைவில் எங்கே மூச்சு வாங்கும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

உயிருள்ள எதுவும் இரண்டு முறை ஒரே மாதிரி மூச்சு வாங்காது.

கிளையை விலக்கினேன். புதருக்குள் கறுப்புத் துணி சுற்றிய ஒலிபெருக்கி, கைக்கு அடக்கமாக.

இலையுதிர் காலத்தில், வழிப்பயணத்தில் இருக்கும் கருந்தலை இப்படி முழுத் தொண்டையில் பாடாது. கல்லோடு கல் தட்டியது போல டக், டக் என்று மட்டும் சொல்லும். பாட்டெல்லாம் வசந்தத்துக்கு, ஜோடி தேடும் இடத்துக்கு. செப்டம்பரில் பாடும் கருந்தலை என்றால் அது வேடன் போட்டுவைத்த ஒலிப்பதிவு. இந்தக் கூட்டத்துக்கு வருகிற யாருக்கும் முதல் மாதத்திலேயே நான் சொல்லித்தரும் பாடம் அது. ஜுமானாவுக்குத் தெரிந்திருந்தது. ராமிஸுக்குத் தெரிந்திருந்தது. பரீட்சை வைக்கிறேன் என்று நினைத்து எனக்காகப் பேசாமல் வந்திருந்தார்கள்.

"அடப்பாவி, ஊருக்கு நடுவுல!" என்றார் ராமிஸ். "எங்கேயோ குச்சி வெச்சிருப்பான். பசைக்குச்சி. பார்த்து நடங்க."

"கத்துது," என்றாள் தாலின். அவள் குரல் மாறியிருந்தது. "ஏதோ கத்துது, கேக்குதா? ஐயோ, ரொம்பக் கத்துது."

நான் மேலே பார்த்தேன். அத்திமரக் கிளைகளில் தேடினேன். ஒலிபெருக்கி இன்னும் பாடிக்கொண்டிருந்தது. இன்னும் நன்றாகப் பார்க்க ஓரடி முன்னால் வைக்கக் காலைத் தூக்கினேன்.

"நுஹாத்!"

ஜுமானா என்னை ஒருபோதும் ஸித் சேர்க்காமல் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நான் மதிலில் போய் மோதினேன்.

"கீழ! காலுக்குக் கீழ கத்திக்கிட்டிருக்கு! கேக்கலையா உங்களுக்கு?"

என் செருப்பு இறங்கியிருக்கவேண்டிய இடத்தில், காய்ந்த இலைகளின் மேல், பசை தடவிய குச்சியோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஈப்பிடிப்பான் கிடந்தது. மொட்டைக் கிளையைத் தேடி உட்காரும் பறவை. வேடன் அத்திப்பழக் குருவிக்காகச் செருகியிருந்த குச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறது. கனம் தாங்காமல் குச்சி கழன்று விழுந்திருக்கிறது. ஒரு இறக்கை, இரண்டு கால், வால் எல்லாம் பசையில். அலகு முழுதாகத் திறந்திருந்தது. உள்ளே நாக்கு துடித்தது.

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

ராமிஸ் குனிந்து ஒலிபெருக்கியை அணைத்தார். அதன் பிறகு வந்த அமைதியில் அவர்களுக்கு இன்னும் பெரிதாகக் கேட்டிருக்கவேண்டும், தாலின் தன் காதைப் பொத்திக்கொண்டாள்.

நான் மண்டியிட்டேன். குச்சியோடு சேர்த்துக் கையில் எடுத்தேன். கையில் நடுக்கமில்லை. பல்லுக்குப் பல் அளவெடுத்துச் செதுக்கிய கை.

"உஸ்தாஸ், அந்தக் காகிதத்தைக் குடுங்க."

"ரொட்டியையா?"

"எண்ணெயை."

பாதி தின்ற ரொட்டியோடு நீட்டினார். காகிதத்திலிருந்த எண்ணெயை விரலில் தொட்டுக் கால்களில் மெல்லத் தடவினேன். ஒவ்வொரு விரலாக விடுபட்டது. எள்ளும் ஸஃதர் இலைத் தூளும் ஒட்டிக்கொண்டன. இறகில் எண்ணெய் படக்கூடாது. இறக்கையை அப்படியே வாய்க்குக் கொண்டுபோனேன். இந்தப் பசை எச்சிலில் கரையும், முன்பும் செய்திருக்கிறேன். கசப்பும் தித்திப்புமாக நாக்கில் இழுத்தது. ஒவ்வொரு இறகாக உதட்டுக்கு நடுவே வைத்து உருவினேன். துப்பினேன். மறுபடி வைத்தேன்.

அப்போது அதன் நெஞ்சு என் கீழுதட்டில் பட்டுக்கொண்டிருந்தது. அது அதிர்ந்தது. இதயம் அடிக்கிற அதிர்வு ஒன்று, விடாமல். அதற்கு மேல் இன்னொன்று, விட்டு விட்டு, மெல்லியதாக, உதட்டிலிருந்து பல்லுக்குப் போயிற்று.

இறக்கையை வாயிலிருந்து எடுத்தேன்.

"இப்போ கத்துதா?" என்று கேட்டேன்.

ஜுமானா என் பக்கத்தில் குந்தினாள்.

"ஜுமானா. எனக்குத் தெரியணும். இப்போ கத்துதா, இல்லையா?"

"கத்துது," என்றாள். பிறகு, "எப்போலேர்ந்து?"

"தெரியல. மூணு வாரமாத்தான் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"மூணு வாரம்." அவள் எழுந்து நின்றாள். "போன ஞாயிறு நீங்க சொன்னது? அதுக்கு முந்தின ஞாயிறு? இன்னைக்குக் காலையில?"

"உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்."

"என் முகத்தையா!"

"நீ கேட்டதும் உன் முகவாய் எழும். இன்னைக்கு ரெண்டுன்னு சொன்னது தாலின் கேட்டதை வெச்சு. எல்லாத்தையும் எடுத்துடு. காதால எண்ணினது எல்லாத்தையும்."

"எடுத்துடுன்னா?" அவள் குரல் உடைந்தது. "இந்தப் பருவமே போச்சு. நான் எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன் தெரியுமா, நுஹாத் சொன்னா சொன்னதுதான்னு? சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை. நான் என்ன, உங்களைத் துரத்திவிட்டிருப்பேனா?"

ஆமாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. குருவியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் மூடிக்கொண்டேன்.

ராமிஸ் தொண்டையைச் செருமினார். ஏதோ வேடிக்கை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் கையிலிருந்த மிச்ச ரொட்டியைப் பார்த்தார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "மத்த குச்சியெல்லாம் தேடிப் பிடுங்கலாம் வா, பொண்ணே," என்று தாலினைக் கூப்பிட்டார். "பாட்டுப் பெட்டியைக் காவலாளிகிட்ட குடுத்துடலாம்."

அவர்கள் இருவரும் மதிலோரம் குனிந்து நடந்தார்கள். ஜுமானா மரங்களுக்குள் போய்விட்டாள். கைப்பேசியும் தொலைநோக்கியுமாக அவள் முதுகு பைன் மரங்களுக்கு இடையில் தோன்றித் தோன்றி மறைந்தது. எண்ணிக்கையை முடிக்கப் போகிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த நேரத்திலும் பொறாமை வருகிறதே என்று என் மேல் எனக்கே கசந்தது.

நான் கல்மேடையில் உட்கார்ந்து குருவியைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். இருட்டில் அமைதியாகும் என்று தெரியும். அமைதியாயிற்றா என்று அறிய எனக்கு ஒரு வழியும் இல்லை. துணியின் மேல் விரலை வைத்திருந்தேன். விட்டு விட்டு வந்த அதிர்வு நின்றது. இதயத்தின் அதிர்வு மட்டும் இருந்தது. அதுவும் நின்றுவிட்டால்? ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்த துடிப்பை எதிர்பார்த்தேன். மேலே உம்மு காமில் சுற்றிக்கொண்டே இருந்தாள். வீட்டில் இருந்துவிட்டால் இனி ஞாயிறுகளில் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஜன்னலை மூடிக்கொண்டு பட்டறை வேலையை வீட்டில் கொண்டுவந்து செய்யலாம். அந்த நினைப்பிலேயே மூச்சு முட்டியது.

காலை வெயில் மதிலைத் தாண்டி இறங்கியபோது பையைத் திறந்தேன். குருவி உடனே பறக்கவில்லை. என் கட்டைவிரலில் நின்று, ஈரமான இறக்கையை ஒருமுறை விரித்தது. எள் ஒன்று காலில் இன்னும் ஒட்டியிருந்தது. பிறகு எழும்பியது. ஒரு பக்கம் சாய்ந்து, தாழ்ந்து, விழுந்துவிடும் போலிருந்து, எதிர் மரத்தின் மொட்டைக் கிளையைப் பிடித்துக்கொண்டது.

அலகு திறந்தது. மூடியது.

யாரோ பின்னால் வந்து நிற்பதை, பைன் ஊசிகள் நொறுங்கும் ஓசையில் அறிந்தேன். ஜுமானா. கண்கள் சிவந்திருந்தன. கோபம் போகவில்லை, உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. என் வலப்பக்கம் வந்து நின்று, குருவியைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். எனக்குப் பாதிதான் கேட்டது.

முன்பென்றால் புன்னகைத்துத் தலையாட்டியிருப்பேன்.

"என்ன சொன்னே? கேக்கலை," என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எந்தக் காது பரவாயில்லை?"

"இடது."

அவள் என்னைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்தாள்.